இருபத்திரண்டு குப்பி

குருமண்வெளியில் பாதை ஏறும்போது
என்னிடம் அறுபது படிவம்,
மூன்று பேனை, ஒரு தண்ணீர்ப் போத்தல்.
மருந்து ஆராய்ச்சிக்கு
மிருகங்களைப் பயன்படுத்தலாமா?
முழுதாய் ஏற்கிறேன் என்பதிலிருந்து
முழுதாய் மறுக்கிறேன் வரைக்கும்
ஐந்து கட்டம். நடுக்கட்டம்
கருத்து இல்லை.

படுவான்கரையில் கருத்து இல்லாத
ஒருவரையும் நான் காணவில்லை.

எலி என்றதும்
தவமலர் நெல்லு மூட்டையைத் திருப்பிக் காட்டினாள்.
மூலையில் ஓட்டை, கீழே உமி.
"எத்தின வேணும் கா? சாக்கோட தாறன்."
முயல் என்றேன்.
கை கொஞ்சம் தயங்கியது.
நாய் என்றேன்.
படியில் படுத்திருந்த மணியன்
தன்னைத்தான் கூப்பிட்டதாக்கும் என்று
தலையைத் தூக்கியது.
எழும்பி உள்ளே போனவள்
தேத்தண்ணியோடு வந்தாள்.
அந்தக் கேள்விக்குத் திரும்பி வரவேயில்லை.

குரங்குக்கு
அடுத்த வளவுக்காரர் வேலிக்கு மேலால் பதில் சொன்னார்.
பதினெட்டுத் தென்னை,
ஒரு குரும்பை மிஞ்சல்ல,
லொறி கொண்டு வாங்க, நானே ஏத்தி விடுறன்.
மறுகா, படலை மட்டும் வந்து,
"குட்டியோட இரிக்கிறத விட்டிருங்க."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் சின்னதாய் எழுதிக்கொண்டேன்.

கடைவாசலில் ஒருவர்
பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டார்:
"இடம்பெயர்ந்ததுக்கு ஒரு படிவம்,
வெள்ளத்துக்கு ஒண்டு,
வீட்டுத் திட்டத்துக்கு நாலு.
இப்ப எலிக்குமா?
சரி, எழுதுங்க.
எலிக்காவது ஏதும் கிடைக்கட்டும்."

மண்டூர்ப் பக்கம், வாய்க்கால் கட்டோடு
நல்லரெத்தினத்தின் வீடு.
யானைக் காவலுக்குப் போன இரவு
மேலே வெடி கொளுத்திக்கொண்டிருக்க
கீழே புடையன் கடித்தது.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு குப்பி.
எண்ணிக்கையை மனைவி சொன்னாள்,
நகை அடகு வைத்த கணக்குச் சொல்வதுபோல.

"அந்த மருந்து எதில செய்யிற, புள்ள?"
குதிரையில், என்றேன்.
கொஞ்சம் கொஞ்சமாய் விஷம் ஏற்றி,
உடம்பு அதைத் தாங்கப் பழகிய பிறகு
இரத்தம் எடுப்பார்கள்.
இங்கே இல்லை, இந்தியாவில்.

சாரனை உயர்த்தி
கெண்டைக்காலில் குழிந்திருந்த இடத்தைத்
தடவிக்கொண்டிருந்தார்.
"அண்டைக்கு ஏத்தக்குள்ள நடுங்கினன்.
கட்டில் ஆடினது.
அது குதிரதானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.

"அதுக்கு நோகுமா?"
கொஞ்சம்.
"கொஞ்சமெண்டா?"
பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி இருக்கவில்லை.
பீடத்து விலங்கறையில் ஒரு நாள்
வெள்ளெலி ஒன்றைக் கையில் தந்தார்கள்.
நிறை எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.
கையுறைக்குள் அது அடித்துக்கொண்ட வேகத்தை
எங்கே எழுதுவதென்று
அப்போதும் நான் கேட்கவில்லை.

"சம்மதமெண்டு போடுங்க," மனைவி சொன்னாள்.
"இவர் போயிருந்தா
இந்த மூண்டு புள்ளையும் நானும்
என்னத்தப் போட்டிருப்பம்?"

அவர் பேனையை வாங்கினார்.
மிக மெதுவாக, கைநாட்டு வைக்கும் கவனத்தோடு
முதல் கட்டத்தில் ஒரு சரி போட்டார்.
பிறகு கடைசிக் கட்டத்திலும் ஒன்று.
நடுவில் இருந்ததை அவர் பார்க்கவேயில்லை.

ஒன்றுக்குத்தான் ஐயா போடலாம், என்றேன்.
"ரெண்டும்தான், புள்ள,"
என்று பேனையை மூடித் தந்தார்.

இரண்டு குறி இட்ட படிவம் செல்லாது.
அதை ஒதுக்கிவிட்டு
மற்றதை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

பொழுது படுகிறது.
பாதையில் இரண்டு மோட்டார்சைக்கிள்,
வலைப்பெட்டியோடு ஒருவர்,
கால் கட்டிய கோழிகள் நாலு
தலைகீழாய், கண்ணைத் திறந்தபடி.
பொலித்தீன் பைக்குள் என் படிவங்கள்.
மேலுறையில்
மொத்தம் என்ற இடத்தில்
ஐம்பத்தொன்பது என்று எழுதவேண்டும்.

எழுவான்கரை கிட்ட வந்துவிட்டது.
வடத்தை எறிகிறார்கள்.
பேனை கையில் இருக்கிறது,
இன்னும் எழுதவில்லை.