நிழல்கள்: ஆஃப்

முதலில் நிழல்களை அணைத்தேன்.
மூன்று குளிர்காலத்துக்கு முன்பு.
பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.
பிறகு தண்ணீரில் விழும் பிம்பம்,
பிறகு தூரத்து மரங்கள்,
புல்,
மூடுபனி,
குதிரையின் பிடரிமயிர் தனித்தனியாக அசைவது.
இப்போது நான் வாளேந்தி நடக்கும் ராஜ்ஜியம்
உரித்த கோழி மாதிரி இருக்கிறது.

தார்ஹானிலிருந்து துல்கூன் ஹெட்செட்டில் கேட்கிறான்:
"மழையைப் பார்த்தியா நொமிந்தாரி?"
"பிரமாதம்" என்கிறேன்.
என் திரையில் மழை இல்லை.
போன அக்டோபரில் அதையும் அணைத்துவிட்டேன்.

அனல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
உலான்பாத்தருக்குள் போகும் வெந்நீரின் சூட்டைப்
பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
குழாயில் நூற்றுப் பத்து.
முள் நகர்ந்தால் நாலு பேருக்குப் போன்.
வீட்டுக்கு வந்தால் இன்னொரு எண்:
கிராபிக்ஸ் கார்டு, எண்பத்து மூன்று டிகிரி.
இதற்கு யாரைக் கூப்பிடுவது?

மூன்று விசிறிகளில் நடுவிலிருப்பது சண்டி.
பென்சில் முனையால் ஒரு தட்டுத் தட்டினால்
வேண்டாவெறுப்பாகச் சுற்றும்.
பக்கப் பலகையைக் கழற்றி ஊதினால்
கறுப்பாகப் பறக்கிறது,
ஊரே சுவாசிக்கிற கரி.
அதில் கொஞ்சம்
நான் வேலை பார்க்கும் புகைபோக்கியின் பங்காகவும் இருக்கலாம்.
துடைத்துவிட்டு மூடினேன்.

புதியது இருபத்து மூன்று லட்சம் துக்ரிக்.
மார்ச் வரை பொறு என்றார்கள்,
அடுத்த தலைமுறை வருகிறது, இது இறங்கும்.
மார்ச் வந்தது. ஏறியது.
இலை உதிரட்டும் என்றார்கள்.
இலையும் உதிர்ந்தது.
கடலே இல்லாத நாட்டில்
கடல் வற்றினால் கருவாடு தின்னலாமென்று
ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு நான்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் பின்னாலுள்ள வண்டி நிறுத்தம்.
கன்ஸோரிக் என்ஜினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கினான்.
குழந்தைத் துணியில் சுற்றிய கார்டு.
"ஒன்றரை வருஷம்தான். கல்யாணம் ஆகிடுச்சு, விளையாட நேரமில்லை."
விற்பவர்கள் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிடுகிறது.
முகர்ந்து பார்த்தேன். கருகல் வாடை இல்லை,
பால்பவுடர் வாடை.
அப்போ பொய் இல்லை.
டேப்பை எடுத்து நீட்டினேன்,
என் பெட்டிக்கு இரண்டு விரற்கடை அதிகம்.
பவர் சப்ளையும் போதாது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
"யோசிச்சுச் சொல்றேன்" என்றதும்
கண்ணாடி ஏறியது.

அன்றிரவு, ஏனென்று தெரியாது,
எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.
நிழல், மழை, புல், பிடரிமயிர்.
நொடிக்கு ஒன்பது படம்.
உலகம் ஆல்பம் புரட்டுவது போல நகர்ந்தது.
விசிறி உறுமியது. அறை முதல்முறையாகக் கதகதப்பானது.

கல்பாலத்துக்கு வந்தோம்.
நூறு தடவையாவது நான் செத்த இடம்.
மேலேயிருந்து அம்பு வரும்,
வருமுன்பே துல்கூன் கேடயத்தைத் தூக்கியிருப்பான்.
எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறானோ என்று
மூன்று வருஷமாக வியந்திருக்கிறேன்.
அன்று, பாலத்தின் கல்மீது,
எங்களுக்கு முன்னால்,
வில்லோடு ஒருவன் நீளமாக விழுந்து கிடந்தான்.
ஆள் இல்லை. நிழல்.

"துல்கூன், நீ இதைப் பார்த்தா தூக்குறே?"
"எதை?"
"நிழலை."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பின்னே? உனக்குத் தெரியறதில்லையா?"

அடுத்த படம் வருவதற்குள் அம்பு என் கழுத்தில்.
தெரிந்தும் செத்தேன்.
அது ஒரு மாதிரி வேறாக இருந்தது.

பெட்டிக்குள் பழைய டிரைவ் கூண்டு சும்மா கிடக்கிறது,
அறுத்தால் இரண்டு விரற்கடை கிடைக்கும்.
நிலையத்தில் ரம்பம் உண்டு.
பவர் சப்ளையை அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம்.
அதிகாலை நாலு மணிக்கு கன்ஸோரிக்குக்கு அனுப்பினேன்:
"இன்னும் இருக்கா?"

குழந்தை எழுப்பியிருக்க வேண்டும்,
உடனே எழுதத் தொடங்கினான்.
மூன்று புள்ளிகள் மிதந்தன, நின்றன, மீண்டும் மிதந்தன.
அதற்குள்
நடு விசிறிக்கு
ஒரு தட்டு.