சிவப்பு விளக்கு

தகரக் கூரைமேல் நான்கு திசைக்கு நான்கு குழாய்,
கீழே ஓர் அறை, மேசை, ஒலிவாங்கி.
மாலை ஏழு மணிக்கு இந்த மிசோ மலைச்சரிவு முழுக்க
என்னைக் கேட்கும்.

நாளைக்குத் தண்ணீர் லாரி வராது.
சரிந்த சாலையைச் செப்பனிட வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டியோடு.
பெண்கள் ஜெபக்கூட்டம் புதன்கிழமைக்கு மாறியிருக்கிறது.
கீழ்த்தெருவில் இன்னார் கர்த்தருக்குள் உறங்கிவிட்டார்,
ராத்திரி கூட இருக்க இளைஞர்கள் வரவும்.
இவ்வளவுதான் என் ஊழியம்.
பத்தொன்பது வருஷத்தில்
ஒரு சாவையும் நான் தப்பாகச் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை
எல்லாம் சொல்லிமுடித்துப் பொத்தானை அழுத்தினேன்.
அழுந்தியது என்று நினைத்தேன்.
சுவான்வோரா தேநீர் கொண்டுவந்தான்.
உலை வைக்கும்போதெல்லாம்
சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பார்கள்
எங்கள் பெண்கள்.
சனிக்கிழமை அது வாளியில் வந்து சேரும்;
கணக்கு எழுதுகிறவன் அவன்.
தேநீரை ஊதிக்கொண்டே சொன்னேன்:
"பியாக்துவாமியின் பிடியைப் பார்த்தாயா?
கர்த்தருக்கா, குருவிக்கா?"

அவன் சிரித்தான்.
அந்தச் சிரிப்பு எதிர்மலையில் மோதி
ஜன்னல் வழியாக எங்களிடமே திரும்பி வந்தது.
அப்போதுதான் பார்த்தேன்,
பொத்தானுக்குப் பக்கத்தில்
சிவப்பு விளக்கு.

அறைக்குள் காதோடு பேசியது
கூரையேறிக் கூவப்படும் என்று சுவிசேஷத்தில் உண்டு.
ஞாயிறு பள்ளியில் நானே நடத்திய பாடம்.
அதை நியாயத்தீர்ப்பு நாளுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தேன்.
கூரையும் இதுதான்
குழாயும் இதுதான் என்று
தோன்றவே இல்லை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
கடைக்காரர் முகம் பாராமல் சில்லறை கொடுத்தார்.
பிள்ளைகள் மட்டும் வேலிக்குப் பின்னாலிருந்து
கீச்கீச் என்றார்கள்.
ஒரு மன்னிப்பு எழுதினேன்.
"தவறுதலாக ஒலிபரப்பானதற்கு வருந்துகிறோம்."
படித்துப் பார்த்தேன்.
அது பொத்தானுக்காக வருந்தியது.
போதாததற்கு
எப்படியோ 'நாங்கள்' ஆகியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளே வந்தாள்.
குடையை வாசலில் சாய்த்தாள்,
கால் சேற்றைப் படியில் தேய்த்தாள்.
"அன்றைக்கு நான் ஊரில் இல்லை,
இஞ்சித் தோட்டத்தில் இருந்தேன்.
ஏழு பேர் வந்து சொன்னார்கள், ஏழும் ஏழு விதம்.
திருடி என்றீர்களாம்.
இல்லை, கஞ்சி என்றீர்களாம்.
ஒருத்தி உங்களுக்காக மன்னிப்பே கேட்டுவிட்டுப் போனாள்.
என்ன சொன்னீர்கள் என்று
உங்கள் வாயால் கேட்க வந்தேன்."

நான்கு குழாயில் போன வாக்கியம்
ஒரு முகத்துக்கு முன்னால் நகர மறுத்தது.
சொன்னேன்.
குருவியை விடாமல் சொன்னேன்.

கணக்குச் சரிபார்க்கிறவள்போலத் தலையசைத்தாள்.
"பிடி சிறுத்தது உண்மைதான்,
மழை தொடங்கியதிலிருந்து.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

ஏன் என்று கேட்க வாய் திறந்தேன்.
பத்தொன்பது வருஷம் அறிவித்தே பழகியவனுக்குக்
கேள்விக்கு எந்தக் குரல் என்று பிடிபடவில்லை.
மன்னித்துக்கொள் என்றேன், ஒலிவாங்கி இல்லாமல்.
"ம்" என்றாள்.
அது மன்னிப்பா, கேட்டதற்கு அடையாளமா,
இன்றுவரை தெரியாது.

பிறகு மடித்த சீட்டு ஒன்றை மேசையில் வைத்தாள்.
அதற்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறாள்.

ஏழு மணிக்கு வாசித்தேன்:
காணவில்லை. கறுப்புப் பன்றிக்குட்டி,
இடது காது மட்டும் வெள்ளை.
அடுத்த வரியில் அவள் பெயர்.
அதே வாய், அதே குழாய்.
மூச்சு இழுத்தது மலைக்குக் கேட்டிருக்கும்.
"பார்த்தவர்கள் பியாக்துவாமியிடம் சொல்லவும்."
சீட்டில் இல்லாததையும் சேர்த்தேன்:
"அவளிடமே சொல்லவும்."

பொத்தானை அழுத்தி
விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டி கிடைத்துவிட்டது என்கிறான் சுவான்வோரா.
இல்லை என்கிறார் கடைக்காரர்.
மழை விட்டதும்
போய்க் கேட்க வேண்டும்.