மூன்றா, எட்டா

வலக்கண்ணில் பால் திரைந்துவிட்டது என்றாள் டொக்டர்.
அவள் சொன்னது வேறு வார்த்தை; எனக்கு விளங்கியது இது.
கல்முனை ஆஸ்பத்திரி, விடியற்காலையில் எடுத்த நம்பர்,
பதினொன்றரைக்குக் கண்ணில் சொட்டு விட்டு
இன்னும் கொஞ்சம் இருங்க என்றார்கள்.
சுவரில் இருந்த எழுத்தெல்லாம் கரைந்து இறங்கியது.

"இன்னும் பழுக்கல்லயே," என்றேன்.
வாப்பாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள்,
பழுக்கட்டும், பழுத்தால் எடுக்கலாமென்று.
பழுக்குமுன்னே அவர் மவுத்தாகிவிட்டார்.
"இது மாங்காய் இல்ல," என்றாள்.
"எப்ப என்று நான் சொல்லமாட்டன்.
எதைச் செய்ய ஏலாமப் போகுது, அதச் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் வரவில்லை.
சம்மாந்துறைக்குத் திரும்பும் பஸ்ஸில் வந்ததெல்லாம்
இப்போது வேண்டாம் என்பதற்கான நியாயங்கள்.

தை கழிந்தால் வெட்டு. மெஷின் ஓடும் வயலில்
தூசி மூக்கால் போய்க் காதால் வரும்.
வெட்டு முடிய நோன்பு.
நாளைக்கு நாலு தரம் மருந்து விடவேண்டும்,
தொண்டைக்குள் இறங்கிக் கசக்குமாம்.
இரண்டு மௌலவியிடம் கேட்டேன்.
முறியாது என்றார் ஒருவர்.
யோசிக்கணும் என்றார் மற்றவர்.
யோசிக்கணும் என்றவரை எனக்குப் பிடித்துப்போனது.
குனியவும் கூடாதாம்.
முப்பது வருடம் முன் ஸஃப்பில் நின்றவன்
சுவரோரம் கதிரையில் இருந்து ஸுஜூது செய்வதா?

நிஹாறா கேட்டாள்:
"போன வருசம் தலப்பிற ரெண்டு தெரியுதெண்டீங்க.
ரெண்டு பெருநாள் எடுக்கிறதா நாம?"
மெய்தான். மேற்கே வயலுக்கு மேல்
ஒன்றின் தோளில் மற்றது சாய்ந்து நின்றது.
வடிவாயும் இருந்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

பிறகு மில்லில் இருந்து கோல் வந்தது.
"காக்கா, உங்கட நெல்லு கூடி நிக்குது."
கூடி நின்றால் நல்லதுதானே என்று
ஒரு கணம், ஒரு கணம்தான், நினைத்தேன்.

என் தராசில் சிவப்பு வெளிச்சத்தில் இலக்கம்.
மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில் இருப்பது
இடப்பக்கம் இரண்டு சின்னக் கோடு.
மல்வத்தை தங்கநேசத்தின் பதினொரு மூட்டையில்
ஏழை நான் அறுபத்திமூன்று என்று வாசித்திருக்கிறேன்.
அறுபத்தெட்டு.
முப்பத்தைந்து கிலோ.
அவள் பக்கத்தில்தான் நின்றாள்.
நல்ல கண், தூரத்துக் கொக்கை எண்ணக்கூடிய கண்.
பார்த்துக்கொண்டு நின்றாள்.

காசோடு போனேன். வாசலில் வைத்தே கேட்டேன்:
"ஏன் புள்ள, அண்டைக்கே சொல்லல்ல?"
நோட்டை எண்ணி முடிக்கும்வரை பேசவில்லை.
"பசளைக் கடன் உங்களிட்டத்தானே கிடக்குது," என்றாள்.
அப்புறம், சீலைத் தலைப்பில் காசை முடிந்துகொண்டு,
"போன போகத்திலயும் பாருங்க, முதலாளி.
அப்பவும் மூண்டுதான் வாசிச்சீங்க."

வரும் வழியில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.
போன போகத்துக் கொப்பி வீட்டில் இருக்கிறது.
அதில் எத்தனை பேர்,
எத்தனை மூன்று.
ஒருவரும் எனக்குக் கூட்டி வாசித்ததாய்
வந்து சொல்லவில்லை. எட்டு மூன்றாகும்,
மூன்று எட்டாகாதாம் என் கண்ணுக்கு.
பாழாய்ப்போன கண்ணுக்கும் யாவாரம் தெரிந்திருக்கிறது.

மறுநாள் திரும்ப கல்முனை.
அதே வாங்கு. அதே சொட்டு.
டொக்டர் கேட்குமுன்னே சொன்னேன்:
"நிறுக்க ஏலாமப் போகுது."
தலையாட்டி எழுதினாள்.
வெட்டுக் காலம், நோன்பு, எதையும் நான் எடுக்கவில்லை.

கொப்பியில் திகதி போட்டிருக்கிறது, நீல மையில்,
அவசரக் கையெழுத்து.
மூன்றா, எட்டா?
நிஹாறாவைக் கூப்பிடலாம்; அடுப்படியில்தான் நிற்கிறாள்.
கூப்பிடவில்லை.
மூன்றாம் திகதியே போய் நிற்பேன்.
எட்டென்றால் திருப்பி அனுப்பட்டும்,
எட்டாம் திகதியும் வருவேன்.