நாலு கட்டு அகலம்

அடியும் வேண்டாம், அங்குலமும் வேண்டாம்.
"நாலு கட்டு அகலம், மூண்டு கட்டு நீளம் தம்பி,
மிச்சம் ஒங்கட கெட்டித்தனம்"
எண்டு சொல்லி இறக்கினா உம்மு சல்மா
ஒரு வைக்கோல் கட்டை,
காரைதீவுச் சந்திக்குக் கிட்ட
பொறி பறக்கிற என்ட கடைக்குள்ள.

கிரைண்டரை நிப்பாட்டிப்போட்டுக் கத்தினன்.
வெளிய வையுங்க ராத்தா, வெளிய!
காஸ் சிலிண்டர் ரெண்டு நிக்கு,
கடை என்ட, கடனும் என்ட.
ஒண்டும் பேசாமல் தூக்கிப் போய்
றோட்டோரம் வச்சா.

வாகனம் ஏலத்தில் எடுத்தது.
கதவில், எழுத்துச் சுரண்டின இடத்தில்
வந்து போன ஏதோ நிறுவனத்தின் வட்டம்
மற்ற வெள்ளையைவிடக் கொஞ்சம் வெள்ளையாய்.
எஞ்சின் யானை.
பின் பெட்டிதான் உப்புக் காத்தில்
நனைஞ்ச விசுக்கோத்து.
எட்டு போல்ட்டில் ஆறு சாவிக்கு வந்தது,
ரெண்டு வரமாட்டன் எண்டது.
தலையை வெட்டினன்.
சங்கிலியில் பெட்டி மேல போக
கீழ வெறும் சேசி,
தின்டு முடிச்ச பாரை மீன் முள்ளு.

அகலம் அளந்து சுவரில் சோக்கால் எழுதினன்.
கட்டு பதினெட்டு, நாலுக்கு எழுபத்திரண்டு.
நீளத்தைத் தேத்தண்ணி குடிச்சிட்டு
அளப்பம் எண்டு போனன்.

திரும்பி வரேக்க
றோட்டோரம் ரெண்டு கயிறும்
ஒரு நாம்பனும்.
கயிறை மட்டும்
மரியாதையாய் மிச்சம் வச்சிருந்தது.

போனில் சொன்னன்:
நீளம் மாட்டு வயித்துக்குள்ள போயிற்று ராத்தா.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை,
மறுகா பெரிய சிரிப்பு.

அடுத்த நாள் வந்த கட்டு
ரெண்டு அங்குலம் கூட.
கயிறைத் தரையில் விரிச்சுப் பாத்தன்,
செத்துப்போன கட்டுத்தான் கட்டை.
மெஷின் ஒண்டுதானே?
"மெஷின் ஒண்டுதான், வயல் வேற.
அது மேட்டு வட்டை, இது குளத்தடி.
ஈரம் குடிச்ச வைக்கோல் அமத்தினாலும் நிமிரும்."

பதினேழு வருசம்
இரும்பு வெயிலுக்கு நீளுறதைத்தான் கணக்குப் பாத்தன்.

ஒன்பது அடியில் வெட்ட எடுத்த சனலை
ஒன்பதரையில் வெட்டினன்.
பதினாறு அங்குலத்துக்கு ஒண்டாய்
குறுக்கால பொக்ஸ் பார்.
சேசியில் ஒரு புள்ளி வெல்டிங்கும் வைக்கல்ல.
வரம்பு ஏறேக்க சேசி முறுகும்,
முறுக விடோணும்,
விடாட்டி அது தானாய் ஒரு இடத்தைத் தேடி வெடிக்கும்.
இடையில் தடிச்ச ரப்பர், சுத்திவர யூ போல்ட்.
தகட்டில் வைக்கோல் வழுக்கும் எண்டா,
மருதம் பலகை அடிச்சன்.
கண்ணாடியைக் காக்க முன்னுக்குக் கம்பி வலை.
ஓரத்தில் பைப் குத்தப் பத்துக் குழி.

சைலன்சருக்கு மேல
ரெட்டைத் தகடு ஒண்டு
அவ கேக்காமலே போட்டன்.
பில்லில் எழுதல்ல.
முதல் நாள் கத்தினதுக்கு அது.

களட்டின பெட்டி கடைக்குப் பின்னால கிடந்தது.
மாட்டுக்குத் தண்ணித் தொட்டியாக்கலாம் எண்டு
நாம்பனின் சொந்தக்காரர் விலை கேட்டு வந்தார்.
ஒரு கட்டு வைக்கோல் காசைக்
கூட்டித்தான் சொன்னன்.
ஏன் எண்டு கேக்காமல் தந்தார்.
அவருக்கும் தெரிஞ்சிருக்கோணும்.

போன கிழமை சம்மாந்துறை றோட்டில்
எனக்கு முன்னால போனது அது.
ஆறு அடுக்கு, இறுக்கின கயிறு,
தூசு என்ட கண்ணுக்குள்ள.
ஹோன் அடிக்காமல் பின்னாலயே போனன்,
குறுக்குப் பார் ஒவ்வொண்டையும் எண்ணிக்கொண்டு.

கடைசி வரிசையில் ஒரு கட்டு
பலகையைத் தாண்டி
ஒரு விரல் அளவு வெளியே.
அது எந்த வயலோ.