பிறருக்காக வைத்திருப்பவை

எங்கள் பேச்சில் இதற்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர்.
துலூத் நகரில் தாள் வெள்ளை.

ஐனோ லெஹ்டினென் கறுப்பு மையில் நிரப்புகிறாள்:
சலவை இயந்திரம் பன்னிரண்டு, பன்னிரண்டும் வங்கிக்கு.
டிரையர் ஐந்து, ஒன்று ஓடாது.
ஏரிக்குளிரில் வெடித்த குழாய்க்கு
பிளம்பரிடம் பாக்கி.
நாய் ஒன்று. மதிப்பு என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நிற்கிறது;
பிறகு பூஜ்யம்.
மேசைக்கடியில் அது வாலாட்டுகிறது.

பிறருக்குச் சொந்தமாய் உங்களிடம் இருப்பவை?
ஒற்றைக் காலுறைகள், நாற்பத்து மூன்று.

கடன் கொடுத்தோர் கூட்டம் காலை பத்தேகாலுக்கு.
இரவெல்லாம் அவள் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில்
ஒருவரும் வரவில்லை.
இருபது நாற்காலி, ஹீட்டரின் முனகல்.
அதிகாரி பக்கம் புரட்டுகிறார்:
"இந்தக் காலுறைகள்..."
"கேட்டு வருவார்கள்."
"கடைதான் மூடியாயிற்றே?"
"கதவில் வீட்டு விலாசம் ஒட்டியிருக்கிறேன்."

ஆறு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே பனி. கையுறை தேடிய விரலில்
கோட்டுப்பைக்குள் தட்டுப்படுகிறது
ஏழாம் எண் இயந்திரம் கடைசியாய்த் துப்பிய
கால் டாலர்.
பட்டியலில் இல்லை.

திரும்பிப் படியேறுகிறாள்.