சாய்வு

டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸில்
இது பதினேழாவது கொல்லை.
முழங்கை ஆழம் தோண்டி
டிபன் டப்பா அளவுக் கருவியை இறக்கி
வடக்குப் பார்க்கத் திருப்பி மண் மூடினேன்.
முப்பது நாள் கேட்டுக்கொண்டிருக்கும்.
நாய் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்றேன்.

நாய் போய் இரண்டு வருஷமாச்சு, என்றாள் ரமோனா எஸ்கலாந்தே.
சங்கிலி இன்னும் கம்பத்தில் கிடந்தது.

இவள் கிணற்றில் வெந்நீர், விறகில்லாமல்.
சரிவிறங்கி அந்தப் பக்கம் போனால்
தங்கை வீட்டுக் கிணற்றில் பச்சைத் தண்ணீர்.
நடுவில் பிளவு:
அரைபட்டு அரைபட்டு மாவாகி
களியாய் இறுகிப்போன பாறை
இரண்டு தண்ணீரையும் கலக்கவிடாமல் நிற்கிறது.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த வரைபடத்தை எடுத்துவந்தாள்.
சிவப்புக் கோடு.
"ரெண்டு கிலோமீட்டர் தள்ளித்தானே?
அதைப் பார்த்துத்தான் வீடே வாங்கினோம்."

மண்வெட்டியைச் சாய்த்துக் குத்திக் காட்டினேன்.
கோடு என்பது மண்ணில் தெரியும் இந்தக் கீறல்.
முனை இருப்பது
உங்கள் செருப்புக்கு அடியில்.
மூன்றரை கிலோமீட்டர் கீழே, ஏறக்குறைய.

அவள் காலை எடுத்தாள்.
பிறகு, வேறெங்கே வைப்பது என்று தெரியாமல்
அங்கேயே வைத்தாள்.

"கடைசிவரை இப்படியேவா?"
இல்லை. கணவாய்ப் பக்கம் போகப் போக நிமிரும்,
காஹோன் தாண்டினால் எதிர்ப்பக்கம் சாயும்.
அதோ, அந்தக் காற்றாடியின் இறக்கை,
அடியில் ஒரு முகம், நுனியில் ஒரு முகம்,
அந்த முறுக்கு.
அப்படித்தான் சிலர் சொல்கிறார்கள்.
எல்லாரும் ஒப்பவில்லை,
அதற்குத்தான் இந்த டப்பாக்கள்.

காற்றாடிகளை நம்பிப் பேசியிருக்கக் கூடாது.
ஒரு மாதப் பதிவு முழுக்க அவற்றின் முனகல்.
அப்புறம் குப்பை லாரி,
அலாஸ்காவில் எங்கோ நடுங்கியதன் மெல்லிய வால்,
இருபத்துமூன்றாம் நாள்
விடியற்காலை மூன்று பத்துக்கு
வெறுங்காலடி போல ஏதோ:
வீட்டிலிருந்து கம்பம் வரை,
கம்பத்திலிருந்து நான் மண்வெட்டி குத்திய இடம் வரை.
அங்கே நாற்பது நிமிஷம் ஒன்றுமில்லை.
திரும்பிப் போகும் அடிகள்
வந்ததைவிட மெதுவாக.

இரைச்சல். நீக்கினேன்.
காற்றாடி, லாரி, கால், எல்லாம்
ஒவ்வொன்றாய் உதிர்ந்தபின்
திரையில் கறுப்பாக ஒரு சரிவு எழுந்தது,
அவள் வீட்டுக்குக் கீழே நுழைந்து
இன்னும் கீழே போவது.

அறுபது பாகை.
ஐந்து கூடலாம், குறையலாம்.