தேவதைகளின் பங்கு

பங்குப் பத்திரம் என் பேரில் இருந்ததால்
வேனில் நானும் ஏறிக்கொண்டேன்.
இருபத்தியொரு ஆம்பளைகள், நான் ஒருத்தி.
கேட்டில் பேர் எழுதுகிறவன்
"கூட வந்தவங்களா?" என்றான்.
"கரும்பு போட்டவ" என்றேன்.
சம்பூரணம், வெட்டுக்காட்டுவலசு, ரெண்டேகால் ஏக்கர்.

செல்போனையும் தீப்பெட்டியையும்
ஒரே தட்டத்தில் வாங்கிக்கொண்டார்கள்.
தலைக்கு மஞ்சள் தொப்பி.
கொண்டைக்கு மேல் அது நிற்கவில்லை.
ஒரு கையால் பிடித்தபடியேதான்
முழு ஆலையையும் பார்த்தேன்.

சுற்றிக்காட்ட வந்த பையன் நிகிலேஷ்.
பார்படாஸ் என்கிற தீவில் மூணு மாசம் படித்தவனாம்.
அங்கே இதைப் பார்க்கவே டிக்கெட்டாம்,
கப்பல் கப்பலாய் வந்து இறங்குவார்களாம்,
கடைசியில் ஆளுக்கு நாலு கிளாஸ் ரம்மாம்.
"இங்கெப்புடீங்?" என்றார் ராக்கியண்ணன்.
"இங்க டீங்க."

முதலில் கழிவுப்பாகுத் தொட்டி.
சக்கரை எடுத்த பிறகு மிஞ்சின கறுப்பு,
கல்லைப் போட்டாலும் யோசித்துத்தான் மூழ்கும்.
"தொடக்கூடாதுங்க" என்று அவன் சொல்வதற்குள்
குழாய் மூட்டில் கசிந்ததை
விரலில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டேன்.
முன்னால் இனிப்பு, பின்னால் துருப்பிடித்த ஆணி,
அடியில், ஆமாம், உப்பு.
எண்ணூறு அடிக்குக் கீழே இருந்து
எங்கள் மோட்டார் இழுத்துப் போடும் அதே உப்பு.
யாரிடமும் சொல்லவில்லை.
இருநூறு ஊர்க் கரும்பு கலந்த தொட்டிக்குள்
என் காட்டைக் கண்டேன் என்றால்
குடிக்காமலே ஏறிருச்சு என்பார்கள்.

அடுத்து நொதிக்கிற கூடம்.
தாழியில் மூணு நாள் கிடந்த கழுநீர் வாசம்.
நுரை பொங்குகிறது, உடைகிறது, பொங்குகிறது.
"ஈஸ்ட்டுங்க. உசுருள்ளது.
சக்கரையத் தின்னுட்டு சாராயத்த விடும்."
"தின்னா எத்தன நாள்ல குடுக்கும்?"
"முப்பது மணி நேரத்துல."
ராக்கியண்ணன் தொட்டியைக் கும்பிட்டார்.
"ஆபீஸ்காரங்கள இதுகிட்ட அனுப்பிப் படிக்க வையுங் தம்பி.
நமக்கு ரெண்டு பட்டத்துப் பணம் பாக்கி."

காய்ச்சுகிற கோபுரம் நாலு மாடி.
வால்வுக்கு வால்வு சர்க்கார் பூட்டு,
சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார்.

அப்புறம் பீப்பாய்க் கிடங்கு.
வெளியே சித்திரை மண்டையைப் பிளக்க
உள்ளே இருட்டு, நனைந்த மரத்தின் மூச்சு.
கர்ப்பக்கிரகத்தில் பேசுகிற மாதிரி
பையன் குரலை இறக்கினான்.
"வருசா வருசம் கொஞ்சம் ஆவியாப் போயிருங்க.
குளுரு நாட்டுல நூத்துக்கு ரெண்டு.
நம்ம வெயிலுக்கு எட்டு, சமயத்துல பத்து.
தேவதைகளோட பங்குன்னு இதுக்குப் பேரு."

யாருக்கு?
தேவதைகளுக்குங்க.
ரசீது?
அதெல்லாம் இல்லீங்க.
பிடித்தம்?
"போனது போனதுன்னு கணக்குலயே எழுதிருவோம்."

தொப்பியை விட்டுவிட்டேன், விழுந்து உருண்டது.
எடைமேடை ஞாபகம் வந்துவிட்டது.
தோகைக்கு இத்தனை கிலோ, வேர்மண்ணுக்கு இத்தனை,
அதற்கும் முன்னால் இந்தக் கேட்டுக்கு வெளியே
ரெண்டு பகல் ஒரு ராத்திரி
வரிசையில் நின்று காய்ந்தது என் டிராக்டர் லோடு.
வெட்டும்போது கனத்த கரும்பு
மேடையில் ஏறும்போது லேசாகிப்போனது.
அந்தத் தண்ணீரைக் குடித்த தேவதை எது கண்ணு?
அவளை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

கேட்கவில்லை. சின்னப் பையன்.
குனிந்து தொப்பியை எடுத்து
துடைத்துக் கொடுத்தான்.

டீ கொடுத்தார்கள். சக்கரை தூக்கல்.
ஆளுக்கு ஒரு கிலோ பை,
பீப்பாய் தொங்குகிற சாவிக்கொத்து.
வேன் கவுந்தப்பாடியோடு சரி என்றான் டிரைவர்.
அஞ்சே முக்கால் டவுன் பஸ்ஸில் இடம் பிடித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்த புள்ளை
ரெண்டு ஸ்டாப் மூக்கைச் சுளித்தாள்,
மூணாவது ஸ்டாப்பில் எழுந்து முன்னால் போய்விட்டாள்.
கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துத் தரும்போது
என் முகத்தை ஒரு தரம் பார்த்தான்.
முந்தானையை மோந்து பார்த்தேன்.
மரம், வெல்லம், தொண்டையில் இறங்குகிற காரம்.
ஒரு சொட்டு நாக்கில் படவில்லை.
ஆனாலும் நூலுக்கு நூல் நனைந்து
கிடங்குக் காற்று என்னோடு வருகிறது.

ஜன்னலோரம் நகர்ந்து
காலை நீட்டி உட்கார்ந்தேன்.
இந்தப் பட்டத்தில் எனக்கு வந்து சேர்ந்த
முதல் வரவு.
ரசீது கேட்டால்
மோந்து பார்த்துக்கொள்ளட்டும்.